மூணு தட்டினா நாலு

இதை நம்புங்கன்னு நான் யார் காலையும் பிடிக்கப் போறதில்ல. நடந்துச்சு, அவ்வளவுதான். இதை அனுபவிச்சவரு இன்னிக்கும் கெமாஸ்ல மக வீட்டுல உயிரோட இருக்காரு. இடது கை மட்டும் இன்னும் சரியா மடங்காது. தோட்டத்துப் பேரை நான் சொல்லமாட்டேன். சுவாவுலேருந்து லிங்கிக்குப் போற பக்கம், ரோட்டை விட்டு நல்லா உள்ள. அங்க இன்னும் ஒண்ணு ரெண்டு குடும்பம் இருக்கு, எதுக்கு வம்பு.

இன்னொண்ணு. பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரும்னு நெனச்சு உட்கார்ந்திருந்தீங்கன்னா, எழுந்து போய்த் தூங்குங்க. இது அத்தனையும் பட்டப்பகல்ல நடந்தது. 

என் பேரு வசந்தன். கேப்ரியல் அண்ணனும் நானும் இருபத்திரண்டு வருஷமா சேர்ந்து தரை வேலை செஞ்சோம். செமெண்டுத் தரை போடறது, சமப்படுத்தறது, டைல்ஸ் ஒட்டறது எல்லாம். அப்ப அவருக்கு வயசு அம்பத்தெட்டு. எப்பவுமே பேச்சு கம்மி. அதுக்கு முந்தின வருஷம் அவரு சம்சாரம் ஜோசலின் அண்ணி தவறுனாங்க, அதோட இருந்த நாலு வார்த்தையும் போச்சு. சிரம்பான் பிளாட்டுல ஒத்தையில சமைச்சு, ஒத்தையில ஜெபம் சொல்லி, ஒத்தையில சாப்பிட்டுப் படுத்துக்குவாரு. மக பமீலா வாராவாரம் போன் போட்டு, "எங்ககூட வந்துருங்க டேடி"ன்னு கெஞ்சும். "பாப்போம்மா"ம்பாரு. அந்தப் "பாப்போம்" பத்து மாசமா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

வேலை நடந்தது ஒரு பழைய துரை பங்களாவுல. தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கற செம்பனைக்கு மாறி, துரைமாரும் போய், ரொம்ப நாள் பூட்டிக் கெடந்த வீடு. அதை ஒரு கொரியாக்காரர் வாங்கினாரு, வயசான அம்மாவைக் கொண்டுவந்து வச்சுக்கறதுக்கு. அந்த அம்மாவுக்குத் தரை சூடா இருந்தாத்தான் தூக்கம் வருமாம். அதனால தரைக்கு அடியில ஹீட்டர் போடணும்னாரு. மெல்லிசா பாய் மாதிரி ஒண்ணை விரிச்சுக் கரண்ட் குடுத்தா தரை சூடாகும்.

"ஏண்டா வசந்தா, இந்த ஊரு வெயிலுக்குத் தரை தானா வேகுது. இதுல ஹீட்டரு வேறயா?"ன்னாரு அண்ணன்.

"மேல ஏர்கான், கீழ ஹீட்டராம் அண்ணே. நமக்கென்ன லா, தரையைப் போடுவோம்"னேன். சிரிப்பாருன்னு பார்த்தேன். சிரிக்கல.

புதுத் தரை போட்டு அஞ்சு வாரம் காய விட்டோம். சனிக்கிழமை ஹீட்டர் விரிக்கற ஆளுங்க கோலாலம்பூர்லேருந்து வர்றதா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி தரையைத் தயார் பண்ணணும். மேல படிஞ்ச வெள்ளைப் பொடியை மெஷின் வச்சுத் தேய்ச்சு எடுக்கணும். ஈரம் இருக்கான்னு பாக்கணும். அப்புறம் கம்பியால தட்டிக்கிட்டே வரணும். நல்லா பிடிச்ச தரை "டங்"குன்னு சொல்லும். உள்ள பிடிக்காம வெத்தா இருந்தா "டொப்". அதை நாங்க கோசோங்னு சொல்லுவோம். கோசோங் மேல ஹீட்டர் போட்டா சூட்டுல தரை வெடிச்சிரும்.

மூணு நாள் வேலை. ரெண்டு பேரு போகணும். சரியா செவ்வாய்க்கிழமை எனக்கு டெங்கி.

அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? எனக்குப் போன் போட்டு, "மருமகன் ஒரு ஆளை அனுப்பியிருக்காரு, நீ படு"ன்னாரு. பமீலாகிட்ட, "வசந்தன் கூடத்தான் இருக்கான்"னு சொல்லிட்டாரு. ரெண்டும் பொய். நாங்க கவலைப்படக் கூடாதாம். ஆக, அந்த மனுஷன் அந்தக் காட்டுக்குள்ள ஒத்தையில இருக்காருன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. இதை நெனச்சா எனக்கு இன்னும் அவரு மேல ஆத்திரம் வருது.

புதன்கிழமை காலையில எட்டு இருபதுக்குப் பங்களாவுக்குப் போயிட்டாரு. செருப்பைக் கழட்டி வாசல்ல விட்டு, போனை அந்தச் செருப்புக்குள்ள வச்சுட்டுத்தான் உள்ள போவாரு. அது அவரு பழக்கம். தூசு அடைச்சு ரெண்டு போன் போயிருக்கு. வெறுங்கால்லதான் தரை மேல நடப்பாரு. ஈரம், மேடு, பள்ளம் எல்லாம் பாதத்துலயே தெரியும்பாரு.

மத்தியானம் வரைக்கும் தேய்ச்சாரு. பங்களாவுக்குக் கரண்ட் இன்னும் குடுக்கல, ஜெனரேட்டர்ல ஓட்டினாரு. ரெண்டு மணிக்கு அதை நிறுத்தினாரு. தட்டிப் பாக்கும்போது சத்தம் சுத்தமா கேக்கணும்ல. வீடு கப்சிப்னு ஆயிருச்சு.

முன் அறை, டங், டங். நடு அறை, டங், டங். பின்னால ஒரு நீள அறை. அதுல மூணாவது ஜன்னலுக்குக் கீழ, மணி ரெண்டு பத்து...

டொப்.

கோசோங். சாக்பீஸ் எடுக்கக் குனிஞ்சாரு. மறுபடியும், டொப்.

கம்பி அவரு கையில சும்மா இருந்துச்சு.

காலி வீடு, எதிரொலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டாரு. ஒரு தடவை தட்டினாரு. ஒண்ணு வந்துச்சு. ரெண்டு தட்டினாரு. ரெண்டு வந்துச்சு. மூணு தட்டினாரு.

நாலு வந்துச்சு.

யாரா இருந்தாலும் அந்த இடத்துல ஓடியிருப்போம். நானா இருந்தா வேனை எடுத்துட்டு சிரம்பான்லதான் மூச்சு விட்டிருப்பேன். அண்ணன் சாக்பீஸால அந்த இடத்தைச் சுத்திக் கோடு போட்டுட்டு அடுத்த வரிசைக்குப் போனாரு. எலியா இருக்கும், பழைய பைப்பா இருக்கும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டாராம். சாயங்காலம் நாலு இடத்துல பிளாஸ்டிக் துண்டு வச்சு, ஓரத்தை டேப்பால ஒட்டினாரு. தரையில ஈரம் இருந்தா காலையில பிளாஸ்டிக்குக்கு அடியில வேர்த்து நிக்கும். அதுல நாலாவது துண்டு, மூணாவது ஜன்னலுக்குக் கீழ. அஞ்சரைக்குப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாரு.

வியாழக்கிழமை காலையில வழியில வள்ளியம்மாக்காவைப் பார்த்தாரு. பங்களாவுக்கு இருநூறு அடி தள்ளி, தொழிலாளிங்க இருந்த பழைய லயத்துல மிச்சம் இருக்கற ஒரே வீடு அவங்களுது. அறுபத்தாறு வயசு, ஒரே மகன் வெளியூர்ல, ஒத்தையில இருக்காங்க. ஆறு ஆடு வளக்குறாங்க. அண்ணன் தண்ணி பிடிக்க வேனை நிறுத்தினாரு.

"என்ன தம்பி, நேத்து ரொம்ப நேரம் வேலையோ?"

"இல்லக்கா. அஞ்சரைக்கே போயிட்டேன்."

அந்தம்மா அவரையே பார்த்தாங்களாம். "ஏழு மணி வரைக்கும் தட்டற சத்தம் கேட்டுச்சே."

அண்ணன் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. 

உள்ள போய்ப் பிளாஸ்டிக்கை உரிச்சாரு. மூணு துண்டு காய்ஞ்சு கெடந்துச்சு. நாலாவதுக்கு அடியில முத்து முத்தா வேர்வை. ஈரம்னா தரை குளுந்து கெடக்கணும். பாதத்தை வச்சாரு... குளுரல. உள்ளங்கையை வச்சாரு.

வெதுவெதுப்பா இருந்துச்சு. இப்பதான் ஒருத்தர் எழுந்து போன நாற்காலி மாதிரி.

வெயில் இல்ல, காலையிலேருந்து மேகமூட்டம். ஹீட்டரு இன்னும் கோலாலம்பூர்ல பெட்டிக்குள்ள இருக்கு. வீட்டுல கரண்டே இல்ல.

இப்ப சொல்லப் போறதை அண்ணன் ரொம்ப நாள் கழிச்சுத்தான் எங்கிட்டச் சொன்னாரு. சொல்லும்போது வெக்கப்பட்டாரு. அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்குச் சோத்துப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு, வாசல் திண்டுல உட்காராம, அந்த ஜன்னலுக்குக் கீழ போய் உட்கார்ந்தாராம். ஜெபம் சொல்லிட்டு, கரண்டியால தரையில ரெண்டு தட்டு தட்டினாராம்.

டொப். டொப்.

"சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டாராம். இன்னும் ரெண்டு தட்டு.

டொப். டொப்.

சிரிச்சுட்டாரு மனுஷன். வாய்விட்டு. அண்ணி போனதுக்கப்புறம் அவரு சிரிச்சது அதுதான் முதல் தடவை. நான் எத்தனை கோமாளித்தனம் பண்ணியிருப்பேன், ஒரு நாள் சிரிச்சாரா? ஒரு செமெண்டுத் தரை சிரிக்க வச்சிருச்சு. அப்புறம்தான் அந்தச் சிரிப்பு காலி அறையில சுத்திச் சுத்தி அவரு காதுலயே விழுந்துச்சு.  பாதிச் சோத்தைக் கட்டி வச்சுட்டு வெளிய போய்த் தேய்க்கற மெஷினைப் போட்டுட்டாரு, எதுவும் காதுல விழக் கூடாதுன்னு.

"பயமா இருந்துச்சுடா. ஆனா போகவும் மனசு வரல. வீட்டுக்குப் போனா மட்டும் யாரு இருக்கா?"ன்னாரு எங்கிட்ட.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். கோசோங் இடத்தை வெட்டி எடுத்துட்டுப் புதுசா பூசியாகணும். காலையிலேருந்து அந்த அறையை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் முடிச்சாரு. மூணு இருபத்தஞ்சுக்கு மழை பிடிச்சுச்சு. செம்பனைக் காட்டு மழை தெரியும்ல, பக்கத்துல ஆளு பேசினாலும் கேக்காது. சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கிட்டு உள்ள போனாரு.

சாக்பீஸ் கோட்டுக்குள்ள வெட்டினாரு. ஒண்ணரை அங்குலம் புதுத் தரை பேந்து வந்துச்சு. அதுக்குக் கீழ பழைய தரை. கையை வச்சுப் பார்த்தாரு. கல்லு மாதிரி இருந்துச்சு. ஓட்டை இல்ல. பைப் இல்ல. எலிப் பொந்து இல்ல. புதுத் தரையும் பழைய தரையை நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு.

கோசோங்கே இல்ல.

அப்ப ரெண்டு நாளா "டொப்"னு சொன்னது என்னது?

எழுந்துக்கலாம்னு இடது கையை ஊணினாரு. கை அங்க இல்லாத மாதிரி இருந்துச்சு. கன்னம் போய்த் தரையில மோதுச்சு.

இடது கைக் கடியாரம் கண்ணுக்கு நேரா கெடந்துச்சு. மூணு நாப்பத்தெட்டு.

கத்திப் பார்த்தாரு. வாய் கோணிக்கிட்டு "ழா... ழா..."ன்னுதான் வந்துச்சு. மழை அதையும் முழுங்கிருச்சு.

நாலு அஞ்சு. வாசல்ல செருப்புக்குள்ள போன் அடிச்சுச்சு. பமீலாவாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதுதான் கூப்பிடும். மூணு அறை தாண்டி அடிச்சு அடிச்சு நின்னுச்சு.

வசந்தன் கூட இருக்கான்னு அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கும். ஆளு கூட இருக்குன்னு நான் நிம்மதியா படுத்திருந்தேன். யாரும் வரப் போறதில்லன்னு அண்ணனுக்கு அப்பதான் உறைச்சுச்சு. அழுதாராம்.

நாலு இருபது.

டொப்.

காதுக்கு நேர் கீழ.

அவரு தட்டல. சுத்தியல் கண்ணு முன்னாடி கெடக்கு. அது அசையல.

டொப்... டொப்... டொப்...

கன்னத்துக்குக் கீழ தரை சூடாகுது.

இன்னும் சூடாகுது.

சத்தம் நகருது. காதை விட்டு முதுகுப் பக்கம். முதுகை விட்டுச் சுவரு. சுத்தி வருது.

கண்ணை மூடிக்கிட்டாரு. அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சாரு. அடுத்த வார்த்தை வரல.

டொப் டொப் டொப் டொப் டொப்...

நடு அறை.

முன் அறை.

வாசல்.

நின்னுச்சு.

மழைச் சத்தம் மட்டும்.

அப்புறம்... மறுபடியும். இந்தத் தடவை வீடே அதிர்ற மாதிரி.

அஞ்சு இருபதுக்கு வள்ளியம்மாக்கா குடையோட வந்து நின்னாங்க. அவங்க பார்த்ததும், போட்ட கூச்சலும், ரோட்டுல போன செம்பனைக் குலை லாரியை மறிச்சதும், ஆம்புலன்ஸ் வந்ததும் அண்ணனுக்கு அரைகுறையாத்தான் ஞாபகம் இருக்கு. பக்கவாதம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ஆளு இல்லன்னு டாக்டர் சொன்னாரு. பமீலா ஆஸ்பத்திரியிலயே உட்கார்ந்து, பெட்டி படுக்கையோட அவரைக் கெமாஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. இந்தத் தடவை யாரும் "பாப்போம்" சொல்லல.

நான் படுக்கையை விட்டு எழுந்து, அண்ணன் விழுந்ததுலேருந்து பதினோராவது நாள் வள்ளியம்மாக்காவைப் பாக்கப் போனேன். கொஞ்சம் பழம் வாங்கிக்கிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு வரலாம்னு. மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். அவங்க வீட்டுச் செமெண்டுத் தரையில உட்கார வச்சுப் பால் ஊத்தாத தே ஓ கலக்கிக் குடுத்தாங்க. மூஞ்சி மட்டும் சரியில்ல, ராத்திரியெல்லாம் தூங்காத மூஞ்சி.

"பொழச்சுக்கிட்டாரா தம்பி?"

"பொழச்சுட்டாருக்கா. உங்க புண்ணியம். அவரு தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சே, அதுவே பெரிய விஷயம்."

"அவரு தட்டலியே. கை காலு வராம கெடந்தாரு."

குடிச்சுக்கிட்டிருந்த கிளாஸை இறக்கினேன்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பங்களாவைக் காவல் காக்க ஒரு ஜாகா இருந்தாரு தம்பி. முனியாண்டின்னு பேரு. அவரும் ஒத்தக்கட்டைதான். ஒரு செவ்வாக்கிழமை அங்கேருந்து தட்டற சத்தம் கேட்டுச்சு. மனுஷன் எதையோ ரிப்பேர் பாக்குறாருன்னு இருந்துட்டேன். புதனும் தட்டுச்சு. வியாழனும் தட்டுச்சு, அன்னிக்கு ரொம்ப வேகமா. ஆடு குட்டி போடற நேரம், நான் போகல. சனிக்கிழமை நாத்தம் வந்துதான் போனோம். பின் அறையில ஜன்னலுக்குக் கீழ கெடந்தாரு." கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. "அதான் தம்பி, அன்னிக்கு உங்க ஆளு வேலை பாக்கும்போது அதே மாதிரி வேகமா கேட்டதும் என்னால வீட்டுல உட்கார முடியல."

எனக்கு நெஞ்சு லேசாச்சு. "அப்ப முனியாண்டி அண்ணன்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காரு. தனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னு."

அவங்க தலையை ஆட்டினாங்க. இல்லன்னு.

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அவரு விழுந்தது வியாழக்கிழமை சாயங்காலம்தானாம். விழுந்த உடனே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளும் அவரு நல்லாத்தான் நடமாடினாரு. வியாழன் காலையில இங்க வந்து, 'அக்கா, எங்கேயோ தட்டற சத்தம் கேக்குது, உனக்குக் கேக்குதா?'ன்னு எங்கிட்டக் கேட்டாரு தம்பி."

நான் விரல் விட்டு எண்ணினேன். அண்ணன் அதுக்குள்ள எங்கிட்டச் சொன்னபடி, அவருக்குக் கேக்க ஆரம்பிச்சது புதன்கிழமை ரெண்டு பத்துக்கு. விழுந்தது வெள்ளிக்கிழமை. அவருக்கும் ரெண்டு நாள்.

தட்டறது விழுந்தவங்க இல்ல. விழப் போறவங்களுக்காக யாரோ தட்டறாங்க.

"அப்ப அது யாருக்கா?"

"தெரியாது."

"இப்பவும் கேக்குதா?"

"கேக்குது. நேத்து மத்தியானத்துலேருந்து."

"பங்களாவுலயா?" நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பங்களா பூட்டிக் கெடந்துச்சு. கொரியாக்கார அம்மா இன்னும் வரல.

 வள்ளியம்மாக்கா கிளாஸைத் தரையில வச்சாங்க. உள்ளங்கையை அதுக்குப் பக்கத்துல விரிச்சு வச்சு, எம்மூஞ்சியைப் பார்த்தாங்க. நானும் கையை வச்சேன்.

வெதுவெதுப்பா இருந்துச்சு.

"உங்க மகன் எங்கக்கா இருக்காரு?"

"ஜொகூர்ல. அவன்கிட்ட இதைச் சொன்னா சிரிப்பான்."

டொப்.

ரெண்டு பேரு கையும் தரையில அப்படியே இருந்துச்சு. நான் இன்னொரு கையால போனை எடுத்து வீட்டுக்கு அடிச்சேன். என் சம்சாரம் ரோகினி எடுத்துச்சு. எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டுச்சு.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்"னு சொன்னேன்.